சாவா மூவாப் பேராடும் சைவச் சாப்பாடும்

1

இறைச்சி தின்னாதவரைக் குறிக்கத் தமிழில் புழங்குகிற சொல் 'சைவம்'. அது உணவின் பெயரல்ல, ஒரு மதத்தின் பெயர். திருவரங்கத்து வைணவ வீட்டில் வேகுவதும் 'சைவச் சாப்பாடு'தான். தமிழ்ச் சமணர் வீட்டில் வேகுவதும் அதே பெயரில்தான் அறியப்படுகிறது. மற்ற எல்லோரும் 'அசைவம்'. 2014ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் புலால் உண்பவர்கள். இந்த 97 பேருக்கும் தங்களுக்கென்று ஒரு பெயர் கிடையாது. மிச்சமிருக்கிற சிலர் எதுவோ, அது அல்லாதவர்கள் என்பதே அவர்களுடைய அடையாளம். ஒரு சொல் இப்படிச் சம்மணமிட்டு உட்கார்ந்துகொள்வது சும்மா நடக்கிற காரியமில்லை. அதன் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது, அதிகாரம் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், இந்தச் சைவத்தின் அறுபத்துமூவரில் ஒருவரான கண்ணப்பர் பன்றிக்கறியைத் தானே கடித்து ருசி பார்த்துச் சிவனுக்குப் படைத்தவர். சிறுத்தொண்டர் பெற்ற பிள்ளையை அறுத்துக் கறி சமைத்தவர். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இரண்டையும் பக்தியின் உச்சமாகவே எழுதுகிறார். ஊன் படைத்தவரைக் கும்பிடும் ஒரு மதம், ஊன் மறுப்பதற்கான பெயராக எப்படி ஆனது?

இந்தக் கேள்வியை இப்போது எழுப்ப ஒரு காரணம் உண்டு. இறைச்சி மட்டுமல்ல, பால், தயிர், நெய், முட்டை, தேன், தோல், பட்டு எதுவும் வேண்டாம் என்று சொல்கிறவர்கள் நம்மிடையே வந்திருக்கிறார்கள். 'வீகன்' என்கிறார்கள். தமிழில் 'நனிசைவம்' என்று ஒரு சொல்லையும் உண்டாக்கியிருக்கிறார்கள். நனி என்றால் மிகுதி. அதாவது சைவம் கொஞ்சம் தூக்கலாக. எனக்கு இந்தச் சொல்லில்தான் சிக்கல். பாலை மறுப்பது சைவத்தின் நீட்சி அல்ல. சைவம் கட்டப்பட்டிருக்கிற அஸ்திவாரத்தையே அது கேள்வி கேட்கிறது. இதைப் பார்க்கத் திருவானைக்காவலை விடத் தோதான இடம் குறைவு என்பதால், அங்கிருந்தும் அதன் சுற்றுவட்டாரத்திலிருந்தும் சில குறிப்புகளை முன்வைக்கிறேன்.

2

சங்கப் பாடல்களில் ஊனும் கள்ளும் விருந்தின் இயல்பான பகுதி. கபிலர் அந்தணர். தன் கை மென்மையாக இருப்பதற்கு ஊன்சோறு தின்பதைத் தவிர வேறு வேலை அறியாததே காரணம் என்று சேர மன்னனிடம் கூச்சமில்லாமல் சொன்னவர் அவர். பெரும்பாணாற்றுப்படையில் பாணன் போகிற வழியெல்லாம் வேறுவேறு அடுப்புகள். எயினர் வீட்டில் ஒன்று, வலைஞர் வீட்டில் ஒன்று. அந்தணர் வீட்டில் மட்டும் ஊன் இல்லை, பசுவெண்ணெயில் வெந்த மாதுளங்காய் இருக்கிறது. இங்கே உணவு வேறுபாடு தொழிலோடும் நிலத்தோடும் ஒட்டியிருக்கிறது. ஆனால் அடுத்த அடுப்பைப் பார்த்து முகம் சுளிக்கிற பார்வை அந்தப் பாட்டில் இல்லை. அந்த வெண்ணெயை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்வோம்.

ஊன் மறுப்பை ஓர் அறமாக இங்கே கொண்டுவந்தவர்கள் சமணரும் பௌத்தரும். திருவானைக்காவலிலிருந்து காவிரிக்கு அந்தப் பக்கம் தெரிகிற மலைக்கோட்டைப் பாறையில் சமண முனிவர்கள் படுத்த கற்படுக்கைகள் இன்னும் இருக்கின்றன. அந்தப் படுக்கையில் படுத்தவர்களுக்கு வீடும் இல்லை, அடுப்பும் இல்லை. வாழ்வின் மற்றெல்லாச் சுகங்களையும் மறுத்தவர்கள் ஊனையும் மறுத்தார்கள்.

குறளில் அந்த அதிகாரத்தின் தலைப்பே 'புலால் மறுத்தல்'. உண்ணாமை என்றோ தூய்மை என்றோ அது பெயர் பெறவில்லை. மறுத்தல் என்பது ஒரு செயல். அந்த அதிகாரத்துக்குள் இரண்டு வாதங்கள் முக்கியமானவை. ஒன்று சந்தையைப் பற்றியது. தின்பதற்காக வாங்குகிறவன் இல்லாவிட்டால் விலைக்கு விற்கிறவனும் இருக்க மாட்டான் என்கிறது. கொலையின் பொறுப்பு கத்தி பிடித்தவன் கையோடு முடிந்துவிடவில்லை, காசு கொடுக்கிறவன் கைக்கும் அது வந்து சேர்கிறது என்பதே இதன் பொருள். இன்னொன்று வேள்வியைப் பற்றியது. நெய் சொரிந்து ஆயிரம் வேள்வி செய்வதைவிட ஓர் உயிரைக் கொன்று தின்னாமை மேல் என்கிறது. ஆக, மறுப்பு மேல்நோக்கி வீசப்பட்டிருக்கிறது. காசு உள்ளவனை நோக்கி, வேள்வி நடத்துகிறவனை நோக்கி.

மணிமேகலையின் ஆபுத்திரன் கதையில் இது இன்னும் பச்சையாகத் தெரிகிறது. தாயால் கைவிடப்பட்ட குழந்தைக்கு ஏழு நாள் ஒரு பசு பால் கொடுக்கிறது. வளர்ந்தபின் அவன் ஒரு வேள்விச்சாலையில் கட்டியிருக்கும் பசுவை இரவில் அவிழ்த்துக்கொண்டு போகிறான். பிடிபடுகிறான், அடிபடுகிறான். எந்தத் தீங்கும் செய்யாமல் பால் தருகிற இதனோடு உங்களுக்கு என்ன பகை என்று கேட்கிறான். அவர்களுடைய பதில் அவன் பிறப்பைப் பற்றியதாக இருக்கிறது. நீ இழிபிறப்பு என்கிறார்கள். அவன் அவர்களுடைய ரிஷிகளின் பிறப்புகளை வரிசையாக எடுத்துவிடுகிறான். ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு மதுரைக்குப் போய்ப் பிச்சையெடுத்து, எடுத்ததைக் குருடர் செவிடர் முடவர் ஆதரவற்றவர்களோடு பகிர்ந்து தின்கிறான். அப்புறம்தான் அவன் கைக்கு அமுதசுரபி வருகிறது.

தமிழில் ஒரு விலங்கை வெட்டுக்கத்தியிலிருந்து மீட்டவன் கதை இப்படித்தான் தொடங்குகிறது. மீட்டவனுக்குக் கிடைத்த பட்டம் இழிசினன். மாட்டை அவிழ்த்துவிட்ட அதே கை அடுத்ததாகச் செய்த வேலை பசித்தவனுக்குச் சோறு போட்டது. இரண்டையும் பிரித்துவிட்டால் இந்தக் கதையில் ஒன்றுமே இல்லை.

3

சமணம் இங்கே தோற்றது. அதன் சோறு மட்டும் வென்றவர்களின் இலைக்குப் போய்விட்டது. மலைக்கோட்டையில் சமணப் படுக்கைகள் உள்ள அதே பாறையில் மகேந்திரவர்மன் சிவனுக்குக் குடைவரை எடுப்பித்தான். பக்தி இயக்கத்தின் தொடர்ச்சியாக வந்த நிலவுடைமைக் காலத்தில், பிரமதேயங்களும் வேளாண் ஊர்களும் கோயிலைச் சுற்றி அமைந்தன. ஊன் மறுப்பு துறவியின் பாறையிலிருந்து இறங்கி நிலம் உள்ளவன் வீட்டு அடுப்படிக்கு வந்தது. வரும்போது அதன் அர்த்தம் மாறிவிட்டது. உயிருக்கு நோகும் என்பது போய்த் தீட்டு ஒட்டும் என்பதாயிற்று. பார்ப்பனருக்குப் பக்கத்தில் தங்களை வைத்துக்கொள்ள விரும்பிய வேளாளர்கள் இந்தச் சமையலைத் தங்கள் மதத்தின் பெயராலேயே அழைத்தார்கள். கண்ணப்பர் பிரகாரத்தில் கல்லாக நின்றார். அவர் கொண்டுவந்த கறி வெளியே போனது.

இந்த மாற்றத்தின் நடுவே இருக்கிற பண்டம் நெய். சோழர் கல்வெட்டுகளைப் புரட்டினால் திரும்பத் திரும்ப வருவது நந்தாவிளக்கு. அணையாத ஒரு விளக்குக்கு நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய். அதற்காக விடப்படும் ஆடுகள் 96. தஞ்சைப் பெரிய கோயில் கணக்கில் 96 ஆடுகளுக்கு 48 பசுக்கள் ஈடு, 16 எருமைகள் ஈடு. இந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு கொடுக்கும் பெயர்தான் என்னை நிறுத்தி வைத்தது: 'சாவா மூவாப் பேராடு'. சாகாத, மூப்படையாத ஆடுகள்.

ஆடு சாகாமல் எப்படி இருக்கும்? கிழமாகும், நோய் வரும், கிடாய்க்குட்டி பிறக்கும். அதெல்லாம் மன்றாடியின் பாடு. அவன் எதைக் கழித்தாலும், எதை விற்றாலும், எதை அறுத்தாலும் எண்ணிக்கை 96 நிற்க வேண்டும், உழக்கு நெய் வந்து சேர வேண்டும். கோயிலின் பார்வையில் ஆடு என்பது ஓர் எண். எண்ணுக்குச் சாவு கிடையாது. ஒவ்வொரு ஆடும் செத்துக்கொண்டேயிருக்க, 'பேராடு' சாகாமல் இருக்கிறது. சாவு முழுவதும் இடையனின் பட்டியில் நடக்கிறது, வெளிச்சம் முழுவதும் கருவறையில் விழுகிறது.

கணக்கில் சாவை அழித்துவிட்டு விளைபொருளை மட்டும் தூய்மையாக எடுத்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டைத்தான் நான் சைவத்தின் இலக்கணம் என்று சொல்வேன். இறைச்சியில் சாவு தெரிகிறது, அது தீட்டு. நெய்யில் சாவு தெரிவதில்லை, அது அமுது. இரண்டும் ஒரே பட்டியிலிருந்து வருகின்றன.

4

திருவானைக்காவல் கோயிலின் கதையே விலங்குகளின் கதை. நாவல் மரத்தடி லிங்கத்துக்கு யானை நீர் கொண்டுவந்து ஊற்றியது, சிலந்தி வலை பின்னி நிழல் கொடுத்தது, இரண்டும் சண்டையிட்டுச் செத்தன. சிலந்தி கோச்செங்கட் சோழனாகப் பிறந்து யானை நுழைய முடியாதபடி குறுகிய வாசல் வைத்துக் கோயில் எடுத்தான். யானை நுழையக் கூடாதென்று கட்டியதாகச் சொல்லப்படும் அந்தக் கோயிலுக்கு 2011இல் அஸ்ஸாமிலிருந்து அகிலா என்ற யானை வந்தது. கதையில் யானை தானாக வந்தது. வரலாற்றில் அதைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

அதே கோயிலில் தினமும் உச்சிக்காலத்தில் அர்ச்சகர் புடவை உடுத்தி அம்மனாகவே சென்று சுவாமிக்குப் பூசை செய்கிறார். பசுவுக்கும் பூசை நடக்கிறது. ஓர் ஆண் பெண்ணாகி ஒரு விலங்கை வணங்குகிற இந்த நிகழ்ச்சியை அழகானது என்றே சொல்வேன். ஆனால் வணக்கம் வேறு, உறவு வேறு. கோயிலுக்கு வெளியே தெருவுக்கு வந்தால் 1943இலிருந்து நெய் தோசைக்குப் பேர்போன உணவகம் இருக்கிறது. தீவின் காலைப்பொழுது முழுக்கப் பால், காபி, நெய். இந்தப் பால் எங்கிருந்து வருகிறது?

மாடு கன்று போட்டால்தான் பால். சுமார் 280 நாள் சினை, அதற்குப் பின் பத்து மாதக் கறவை, நடுவிலேயே மறுபடியும் சினை ஊசி. பிறக்கிற கன்றில் பாதி காளைக்கன்று. ஏர் ஓட்டிய காலத்தில் அதற்கு ஒரு வேலை இருந்தது. டிராக்டர் வந்து, 1970இல் வெண்மைப் புரட்சித் திட்டமும் கலப்பினமும் வந்தபின் வேலை இல்லை. இரண்டு மாடு வைத்திருக்கிற விதவைப் பெண்ணால் கறவை வற்றிய மாட்டுக்கும் காளைக்கன்றுக்கும் தீனி போட முடியாது. "பால் காசுதாங்க பிள்ளைங்களுக்கு ஃபீஸு, வத்துன மாட்டக் கட்டிவச்சிப் பாத்துக்கிட்டேவா இருக்க முடியும்?" என்று அவர் கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. மாடு மணப்பாறைச் சந்தைக்குப் போகிறது. அங்கிருந்து போகிற லாரிகளில் உழவுக்குப் போவது எவ்வளவு, கேரளத்து வெட்டுக்கூடத்துக்குப் போவது எவ்வளவு என்பது சந்தையில் நிற்கிற எவருக்கும் தெரியும். காபி குடித்தவர் வீட்டில் கறி வேகவில்லை, அவ்வளவுதான். பேராட்டின் கணக்கு அப்படியே தொடர்கிறது.

சட்டமும் இந்தக் கணக்கைத்தான் எழுதியது. 1958இன் தமிழ்நாட்டு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம், 10 வயது கடந்து உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத மாட்டை வெட்ட அனுமதித்தது. 1976இல் ஓர் அரசாணை பசுவையும் கிடாரியையும் வெட்டுவதை நிறுத்தியது. 2017 மே மாதம் மத்திய அரசு சந்தையில் வெட்டுக்கு மாடு விற்பதையே தடுத்து விதி கொண்டுவந்தது. சில நாட்களில் மதுரைக் கிளை உயர்நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது, ஜூலையில் உச்சநீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுமைக்கும் நீட்டித்தது. இவற்றில் ஒன்றுகூடப் பாலைத் தொடவில்லை. மாட்டை வாங்குகிறவன், வெட்டுகிறவன், தின்கிறவன் என்று விரல் கீழ்நோக்கியே நீண்டது. பாலுக்காகச் சினையாக்குகிறவனை, நெய்க்காகக் காசு தருகிறவனை அது சுட்டவேயில்லை.

வாயோடு நின்றுவிடுகிற இந்தத் தூய்மைக்கு மிருதங்கத்தைவிட நல்ல சாட்சி கிடையாது. பசுத்தோலும் எருமைத்தோலும் ஆட்டுத்தோலும் இல்லாமல் அந்த வாத்தியம் இல்லை. அதைச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் தலித் கிறித்தவர்கள். 2020இல் டி.எம். கிருஷ்ணா அவர்களைப் பற்றி எழுதிய புத்தகத்தின் வெளியீட்டுக்குக் கொடுத்த இடத்தைக் கலாக்ஷேத்ரா கடைசி நேரத்தில் திரும்பப் பெற்றுக்கொண்டது. தோல் மேடையில் இருக்கலாம், தோலைப் பற்றிய பேச்சு அரங்கில் இருக்கக் கூடாது.

5

காவிரியைத் தாண்டிப் புத்தூருக்குப் போனால் இன்னொரு காட்சி. குழுமாயி அம்மன் கோயிலில் மாசியில் 'குட்டிகுடித்தல்' திருவிழா. மருளாளியை ஆட்கள் தோளில் தூக்கி நிற்க, நேர்ந்துவிட்ட ஆட்டுக்குட்டிகளின் ரத்தத்தை அவர் குடிக்கிறார். பார்ப்பதற்கு எளிதான காட்சி அல்ல. அந்தக் குட்டிகளின் பயத்தைப் 'பண்பாடு' என்ற சொல்லால் மூடிவிட நான் தயாரில்லை. அதேசமயம் இந்தக் காட்சி மட்டும் காட்டுமிராண்டித்தனம் என்று பெயர் வாங்குவதையும் ஒத்துக்கொள்ள முடியாது.

கோயில் வளாகத்தில் பலியிடுவதைத் தடைசெய்யும் சட்டம் 1950இலேயே போடப்பட்டது. அரைநூற்றாண்டு தூங்கிய அதை 2003 ஆகஸ்டில் ஜெயலலிதா அரசு எழுப்பியது. திருச்சி மாவட்டக் கோயில் ஒன்றில் எருமைகள் பெருமளவில் பலியிடப்பட்ட செய்தியே உடனடிக் காரணமாகச் சொல்லப்பட்டது. கிராமக் கோயில்களில் போலீஸ் நின்றது. தென்மாவட்டங்களிலும் இங்கேயும் சனங்கள் கொதித்தார்கள். 2004 பிப்ரவரியில், நாடாளுமன்றத் தேர்தலுக்குக் கொஞ்சம் முன்பு, சட்டமே வாபஸ் வாங்கப்பட்டது.

அந்த ஆறு மாதங்களில் ஆடுகள் சாவது நிற்கவில்லை. பிரியாணிக்கடைக்கு அறுபட்ட ஆட்டைப் பற்றி அந்தச் சட்டத்துக்கு அக்கறையே கிடையாது. அம்மன் முன்னால், எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி, பெயர் சொல்லி, பங்கு போட்டுத் தின்னும் கொலையே குற்றமானது. மறைவாக நடந்தால் வியாபாரம், வெளிச்சத்தில் நடந்தால் அநாகரிகம். ஆட்டுக்கு இதனால் என்ன லாபம்?

அன்று முற்போக்கு முகாம், 'நாட்டார் வழிபாட்டின் மீதான சமஸ்கிருதமயத் தாக்குதல்' என்று எதிர்த்தது. அது சரியான எதிர்ப்பு. 1957இல் பெரியார் 'பிராமணாள்' பெயர்ப்பலகையை எதிர்த்ததற்கும், 2012இல் திருவரங்கத்தில் அதே பலகை மறுபடி முளைத்தபோது எழுந்த போராட்டத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. 1990களில் தலித் எழுத்து மாட்டுக்கறியை வெட்கத்திலிருந்து மீட்டதும் அவசியமான வேலை. 2015இல் தாத்ரியில் மாட்டிறைச்சி வைத்திருந்ததாகச் சொல்லி ஒரு மனிதனை அடித்தே கொன்ற நாட்டில், தின்பது என் உரிமை என்று சொல்வது வெறும் ருசி பற்றிய பேச்சு அல்ல. ஆனால் அங்கேயே நாம் நின்றுவிட்டோம். ஆடு என்ற அந்த மூன்றாம் தரப்பு யார் பேச்சிலும் வரவில்லை. உரிமை பேசியவர்களும் சரி, புனிதம் பேசியவர்களும் சரி, அதன்மேல் ஏறி நின்றுதான் ஒருவரோடொருவர் பேசினார்கள்.

6

'வீகன்' என்ற சொல் 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் நண்பர்களும் உண்டாக்கியது. அவர்கள் சண்டை இறைச்சி தின்பவர்களோடு அல்ல, பாலை விடாத சைவக்காரர்களோடு. அதற்கு முன்பே 1912இல், மாடுகளைக் கறக்கச் செய்யும் கொடுமைகளைக் கேட்டுக் காந்தி பாலை விட்டார். பின்னர் கடும் நோயில் ஆட்டுப்பால் குடித்தார். சொன்ன சொல்லின் எழுத்தைக் காத்து அதன் உயிரை விட்டுவிட்டேன் என்ற உறுத்தல் அவரை விடவில்லை. இந்தியச் சைவத்துக்குள் பால் ஒரு பிரச்சினை என்று உணர்ந்த அபூர்வமான ஆள் அவர்.

நான் கறி தின்கிற குடும்பத்தில் பிறந்தவன். சில வருடங்களாகக் கறியும் இல்லை, பாலும் இல்லை. திருவானைக்காவலில் வீடு தேடியபோது ஒரு வீட்டுக்காரர் கேட்டார், "தம்பி, சைவம்தானே?" கறி மீன் கிடையாது, பால்கூட எடுப்பதில்லை என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "பால் இல்லாம எப்படி? குடிவர்றப்ப பால் காய்ச்சணுமே!" அவர் கேட்டது என் உணவை அல்ல, என் சாதியை. கறி இல்லை என்றதும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். பால் இல்லை என்றதும் எந்தப் பெட்டியில் போடுவதென்று அவருக்குத் தெரியவில்லை. மறுபக்கம் தோழர்கள், "என்னய்யா, அய்யராயிட்டியா?" என்கிறார்கள். இரண்டு கேள்வியும் ஒன்றுதான். விலங்கைப் பற்றிய ஓர் அறம் சாதிக்கு வெளியே இருக்க முடியும் என்று இரண்டு பேருமே நம்பவில்லை.

இருக்க முடியும் என்பதே என் வாதம். ஆனால் சில நிபந்தனைகள் உண்டு.

ஒன்று, அது பசித்தவன் தட்டில் கைவைக்கக் கூடாது. 1989இல் சத்துணவில் முட்டை சேர்ந்தது. நாமக்கல் கூண்டுகளில் ஒரு தாள் அளவு இடத்தில் நின்றுகொண்டே வாழ்கிற கோழிகளின் முட்டை அது. முட்டையிடாத சேவல் குஞ்சுகள் பிறந்த அன்றே அழிக்கப்படும் தொழில் அது. எனக்குத் தெரியும். ஆனாலும் 2015இல் மத்தியப் பிரதேசத்தில் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை கிடையாது என்று சைவத்தின் பேரால் சொன்னார்களே, அந்தப் பக்கத்தில் போய் நிற்க மாட்டேன். முதலில் அந்தக் குழந்தைக்கு ஈடான பருப்பும் கடலையும் பயறும் வீட்டிலேயே கிடைக்கட்டும். வடலூர் வள்ளலார் புலால் உண்போரைப் 'புறவினத்தார்' என்று பிரித்தார். அந்தப் பிரிப்பில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் பசி என்று வந்தால் அவர்களுக்கும் சோறு உண்டு என்றார். 1867இல் அவர் வைத்த தருமசாலையில் பசிக்கு முதலிடம். ஆபுத்திரன் வழியும் அதுதான்.

இரண்டு, கேள்வி மேலேயிருந்து தொடங்க வேண்டும். மாற்று வாங்க வசதி உள்ளவர், நெய்யும் பட்டும் தோலும் தேர்ந்தெடுத்து வாங்குகிறவர், பாலபிஷேகத்துக்குக் குடம் குடமாகக் கொடுக்கிறவர்: அவரிடம்தான் முதல் கேள்வி. கசாப்புக்கடைக்காரரிடம் அல்ல, செத்த மாட்டை உரிக்கிறவரிடம் அல்ல. காசு கொடுக்கிற கையைப் பார்க்கச் சொன்ன குறளின் சந்தை வாதம் இதற்குப் போதும்.

மூன்று, 'நனிசைவம்' என்ற பெயரை விட்டுவிடலாம். நமக்கு ஏற்கெனவே மறுத்தல் என்ற சொல் இருக்கிறது. அதற்கு மதம் கிடையாது, சாதி கிடையாது. 2016இல் குஜராத்தின் உனாவில் செத்த மாட்டை உரித்ததற்காகத் தலித்துகள் அடிக்கப்பட்டபோது, மாட்டுச் சடலங்களை அரசு அலுவலகங்களின் முன் கொண்டுபோய்ப் போட்டு, இனி இந்த வேலையைச் செய்ய மாட்டோம் என்று சபதம் எடுத்தார்களே, அதுவும் மறுத்தல்தான். பசுவைத் தாய் என்பவர்களே அந்தத் தாயைப் புதைக்கட்டும் என்று சொன்ன அந்தச் செயலில், பேராட்டின் கணக்கு முதல்முறையாகத் திருப்பி அனுப்பப்பட்டது. சாவைப் பார்க்காமல் பாலை மட்டும் எடுத்துக்கொண்டவர்களின் வாசலில் சாவு வந்து இறங்கியது.

விலங்கின் வலியைப் பற்றிப் பேசுகிறவர்களும், அந்தச் சடலத்தைச் சுமக்கப் பணிக்கப்பட்டவர்களும் ஒரே பக்கம் நிற்கிற நாள் வந்தால்தான் இந்த அறத்துக்கு இங்கே எதிர்காலம் உண்டு. அதுவரை சைவச் சாப்பாட்டின் நடு இலையில் ஊற்றுகிற நெய்யைப் பார்த்து, இது எத்தனையாவது ஆடு என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.